பேப்பர் வராத பிரிண்டர்

திருவல்லிக்கேணியில், பாரதி சாலையை ஒட்டிய சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. எனக்கு முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு கட்டணத்தை ஆன்லைனில் கட்டி முடித்துவிட்டார், ரசீது திரையில் நிற்கிறது. அதைப் பெங்களூரில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். டவுன்லோடு பொத்தானைத் தேடுகிறார், கிடைக்கவில்லை. பிரிண்ட் என்று ஒன்றுதான் இருக்கிறது.

“பிரிண்ட் குடுங்கய்யா” என்றான் கடைப் பையன்.

“எனக்குப் பேப்பர் வேணாம் தம்பி. ஃபைலா வேணும்.”

“பேப்பர் வராதுய்யா. நீங்க குடுங்க.”

பெரியவர் அரைமனதாக அழுத்தினார். பையன் எட்டி, பிரிண்டர் பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயரை மாற்றிவிட்டான். மூலையிலிருந்த லேசர் பிரிண்டர் அசையவே இல்லை. ஃபைலுக்கு என்ன பெயர், எங்கே வைக்க என்று மட்டும் கணினி கேட்டது. முப்பது நொடியில் ரசீது பெங்களூர் போய்விட்டது.

பையன் செய்தது தினமும் லட்சக்கணக்கான கணினிகளில் நடப்பதுதான். புத்தகத் தமிழில் இதற்கு மெய்நிகர் அச்சுப்பொறி என்று பெயர். கடையில் கேட்டால் பி.டி.எஃப். பிரிண்டர் என்பார்கள். ஆனால் அது என்ன செய்கிறது, அதைவிட முக்கியமாக, எதைச் செய்யாமல் விட்டுவிடுகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனியாக ஓர் இழப்பு இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

வேர்டோ பிரவுசரோ, எந்த மென்பொருளும் பிரிண்டர் என்ற பெட்டியோடு நேராகப் பேசுவதில்லை. ‘இந்த இடத்தில் இந்த எழுத்துருவில் இந்த எழுத்தை வரை, இங்கிருந்து அங்குவரை ஒரு கோடு போடு’ என்று இயங்குதளத்திடம் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. விண்டோஸ் அந்தக் கட்டளைகளை வாங்கி, ஸ்பூலர் என்ற வரிசையில் போட்டுவைக்கும். அடுத்து டிரைவர் வரும். அது இந்தக் கட்டளைகளைக் குறிப்பிட்ட பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றும். கடைசியில் போர்ட், அதாவது வெளியேறும் வாசல். நிஜ பிரிண்டர் என்றால் அந்த வாசல் யூ.எஸ்.பி. கேபிளிலோ வைஃபையிலோ திறக்கும்.

தபால் பெட்டியில் கடிதம் போடுகிறவருக்கு அது ரயிலில் போகிறதா லாரியில் போகிறதா என்பது தேவையில்லாத விஷயம். மென்பொருளும் அப்படித்தான். இந்த அறியாமையைத்தான் மெய்நிகர் பிரிண்டர் பயன்படுத்திக்கொள்கிறது. பட்டியலில் தன் பெயரையும் ஒரு பிரிண்டராகப் பதிந்துவைத்து, வருகிற வரைகட்டளைகளை இங்க்காக மாற்றாமல் பி.டி.எஃப். ஆக எழுதிவிடுகிறது. விண்டோஸோடு வரும் ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்.’பின் அமைப்பைத் திறந்து போர்ட் பகுதியைப் பார்த்தால் ‘போர்ட்பிராம்ப்ட்’ என்று இருக்கும். கேபிள் செருகும் வாசல் அல்ல அது, ‘எங்கே வைக்கட்டும்’ என்று கேட்கும் வாசல். பெரியவர் முன்னால் திறந்த பெட்டி அதுதான்.

இதன் கதை ஜெராக்ஸிலிருந்தே தொடங்குகிறது என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. நம் ஊரில் ஜெராக்ஸ் என்றால் நகல். ஆனால் அந்தப் பெயர் கொண்ட நிறுவனம் கலிஃபோர்னியாவில், பாலோ ஆல்டோவில் ஓர் ஆய்வகம் வைத்திருந்தது. அங்கே வேலை பார்த்த ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் வெளியேறி 1982-இல் அடோபியைத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று பிரிண்டருக்கு விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழியை உருவாக்கினார்கள். 1985-இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் அந்த மொழி பேசியது. கணினியிலேயே பக்கங்களை வடிவமைக்கும் டி.டி.பி. என்ற தொழிலே அந்தக் கூட்டணியிலிருந்து கிளம்பியதுதான்.

வார்னாக் 1991-இல் கேம்லட் என்ற பெயரில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். எந்தக் கணினியில் செய்த பக்கமானாலும், எந்தத் திரையிலும் எந்த பிரிண்டரிலும் அப்படியே தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். 1993-இல் அது பி.டி.எஃப். ஆகவும் அக்ரோபேட் ஆகவும் வெளிவந்தது. ஆரம்பத்தில் படிப்பதற்கான ரீடருக்கே காசு வாங்கினார்கள் என்றால் இன்றைக்கு நம்ப முடியாது. அந்த அக்ரோபேட்டிலேயே பி.டி.எஃப்.ரைட்டர் என்று ஒன்று இருந்தது. வேர்டில் பிரிண்ட் கொடுத்தால் பிரிண்டர் பட்டியலில் அதுவும் தெரியும். நம் கடைப் பையன் செய்த வித்தைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது.

அக்ரோபேட்டைக் காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்குக் கைகொடுத்தது கோஸ்ட்ஸ்கிரிப்ட். போஸ்ட்ஸ்கிரிப்ட்டைப் படித்துப் புரிந்துகொள்ளும் இலவச மென்பொருள். 1988-இல் இதை வெளியிட்ட பீட்டர் டாய்ச்சும் அதே ஜெராக்ஸ் ஆய்வகத்தில் இருந்தவர்தான். பி.டி.எஃப்.கிரியேட்டர், க்யூட்பி.டி.எஃப். என்று சென்னைக் கடைகளில் ஒரு காலத்தில் கட்டாயம் நிறுவப்பட்டிருந்த இலவச பிரிண்டர்களின் வயிற்றுக்குள் வேலை செய்தது கோஸ்ட்ஸ்கிரிப்ட். ரிச்சி தெருவில் கணினி அசெம்பிள் செய்து கொடுத்தவர்கள், கேட்காமலேயே இவற்றில் ஒன்றைப் போட்டுக் கொடுத்த காலம் அது. மேக் 2001-இலேயே இந்த வசதியை இயங்குதளத்துக்குள் வைத்துவிட்டது. விண்டோஸுக்கு 2015-இல் விண்டோஸ் 10 வரும்வரை பொறுமை தேவைப்பட்டது. இன்று புதிதாக எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை. இலவச பி.டி.எஃப். பிரிண்டர் என்று வலையில் தேடி, கூடவே இரண்டு டூல்பாரையும் ஒரு விளம்பரத் தொல்லையையும் இறக்கிக்கொள்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். அது வேண்டாத வேலை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிரிண்டருக்குத் தேவைப்படாத எதுவும் பிரிண்ட் கட்டளையில் இருக்காது. மெய்நிகர் பிரிண்டரின் எல்லாக் குணங்களும், நல்லதும் கெட்டதும், இந்த ஒரு வரியிலிருந்து வருகின்றன. காகிதத்தில் லிங்க்கைச் சொடுக்க முடியாது, ஆகவே லிங்க் போய்விடும். நீலநிற அடிக்கோடு மட்டும் ஏமாற்றமாக மிஞ்சும். இருநூறு பக்க அறிக்கையில் அத்தியாயம் அத்தியாயமாகத் தாவ உதவும் புக்மார்க் போய்விடும். எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணை என்ற குறிப்பு போய்விடும். பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் அந்தக் குறிப்பை நம்பித்தான் இருக்கின்றன.

கடவுச்சொல்லும் போய்விடும். இது பலருக்கும் தெரிந்திருக்கிறது, சொல்லப்போனால் இதற்காகவே பயன்படுத்துகிறார்கள். இ-ஆதார் ஃபைலைத் திறக்கப் பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும் வேண்டும். ஒவ்வொரு முறையும் அடிக்கச் சலிப்பாக இருக்கிறது என்று, ஒருமுறை திறந்து, பிரிண்ட் கொடுத்து, பூட்டில்லாத ஒரு நகலை வைத்துக்கொள்கிறார்கள். பூட்டு மட்டும் போனால் பரவாயில்லை. கூடவே டிஜிட்டல் கையொப்பமும் போகிறது.

அந்தக் கையொப்பம் பக்கத்தில் தெரியும் சின்னப் பெட்டி அல்ல. ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணை, வழங்கியவர் தன் ரகசியச் சாவியால் பூட்டிவைத்திருக்கிறார். ஒரு புள்ளியை மாற்றினாலும் கணக்கு உதைக்கும். பிரிண்ட் கொடுத்து வருவது புத்தம் புதிய வேறொரு ஃபைல், அதில் எந்தக் கையொப்பமும் இல்லை. ஆனால் கையொப்பத்தின் படம் மட்டும் அப்படியே இருக்கும். அசலில் அந்த இடத்தைச் சொடுக்கினால் யார், எப்போது கையொப்பமிட்டார்கள் என்று விவரம் திறக்கும். நகலில் எத்தனை முறை சொடுக்கினாலும் ஒன்றும் நடக்காது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மதிப்புக் கொடுப்பது கணக்குக்கு, படத்துக்கு அல்ல. ஆதாரில் இருக்கும் க்யூஆர் கட்டம் மட்டும் தப்பித்துவிடுகிறது. அதன் தகவல் முழுவதும் கறுப்பு வெள்ளைச் சதுரங்களிலேயே இருப்பதால், காகிதத்தில் வந்தாலும் ஸ்கேன் செய்யலாம். வில்லங்கச் சான்றிதழ் மாதிரி கையொப்பத்தோடு வரும் எதையும் வங்கிக்கோ வழக்கறிஞருக்கோ அனுப்பும்போது, டவுன்லோடு ஆன அசல் ஃபைலையே அனுப்புங்கள்.

இனி தமிழ்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களில் ஒரு கட்டுரையைத் தேடினேன். பன்னிரண்டு ஆண்டு இதழ்கள், எல்லாம் பி.டி.எஃப். ஆக ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. எழுத்துகள் கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரிகின்றன. ‘சென்னை’ என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை என்றது கணினி. சென்னையில் அச்சான, சென்னையைப் பற்றியே பாதிப் பக்கம் எழுதிய இதழ் அது. ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டியபோது காரணம் தெரிந்தது. பழைய இதழ்களில் முழுக்க ஆங்கில எழுத்துகளும் கண்ட குறிகளும். பிந்தைய இதழ்களில் தமிழ்தான், ஆனால் இப்படி: ‘ெசன்ைன’. ‘ெதாைலேபசி’.

முதல் வகை எல்லோருக்கும் தெரிந்த பழைய வியாதி. எல்லா மொழிகளின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தன. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினியைப் பொறுத்தவரை அது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு ஏற்பாடு. இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடியது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுக்கும் டாம், டாப் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அதன் விளைவுகள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும், கூடவே டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் செய்த பக்கத்தை எந்த வழியில் பி.டி.எஃப். ஆக்கினாலும் உள்ளே இருப்பது ஜே கே பி ஓ தான். அதற்கு பிரிண்டரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது வகைதான் பிரிண்டரின் கைவேலை. யூனிகோடில் ‘செ’ என்ற எழுத்து, முதலில் ச, அடுத்து எகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. உச்சரிக்கும் வரிசை அது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுபோக வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, ககரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும் வைக்க வேண்டும். இந்த அடுக்கும் வேலையை எழுத்துருவும் இயங்குதளமும் சேர்ந்து செய்கின்றன. மெய்நிகர் பிரிண்டர் நிற்பது இந்த வேலை முடிந்த பிறகு. அதன் கைக்கு வருவது எழுத்தல்ல, வடிவங்கள். ‘இந்த எழுத்துருவின் இத்தனையாவது வடிவத்தை இங்கே வை, அடுத்ததை அதன் பக்கத்தில் வை.’ அவ்வளவுதான். கொம்பு இடப்பக்கம் நிற்கிறதா, அதுதான் முதல் எழுத்து என்று எழுதிக்கொள்கிறது.

எந்த வடிவம் எந்த எழுத்துக்கு உரியது என்று குறித்துவைக்க பி.டி.எஃப்.புக்குள் ஓர் அட்டவணைக்கு இடம் உண்டு. டிரைவர் அதைச் சரியாக நிரப்பினால் ‘ெசன்ைன’ கிடைக்கும். நிரப்பாவிட்டால் நகலெடுத்து ஒட்டும்போது வெறும் கட்டங்கள். ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கலே இல்லை. அங்கே ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய ஒரு வடிவம், சேமித்த வரிசையும் கண்ணில் படும் வரிசையும் ஒன்று. அதனால்தான் இந்தக் கருவியைச் செய்தவர்கள் பலருக்கு இப்படி ஒரு குறை இருப்பதே உறைக்கவில்லை என்று நினைக்கிறேன். அச்சிட்டால் அழகாக வருகிறதே, வேறென்ன வேண்டும்? பிரிண்டருக்கு வேண்டாம்தான். தேடுபொறிக்கு வேண்டும், மொழிபெயர்ப்புக் கருவிக்கு வேண்டும், பார்வையற்ற வாசகரின் காதுக்கு வேண்டும். ‘ெதாைலேபசி’யை எந்தக் குரல் வாசிக்கும்?

அந்தச் சிற்றிதழ்க்காரர்களிடம் மூல ஃபைல்கள் இல்லை. கடைசியில் செய்தது இதுதான்: எழுத்துகளாகவே இருந்த பக்கங்களைப் படங்களாக மாற்றி, படத்தில் இருக்கும் எழுத்தை அடையாளம் காணும் ஓ.சி.ஆர். மென்பொருளிடம் கொடுத்து, மறுபடி எழுத்துகளாக்கினோம். ஊறுகாயைக் கழுவி மாங்காய் ஆக்குகிற வேலை.

இதைத் தவிர்க்க வழி சுலபம். வேர்டில் ‘சேவ் ஆஸ்’ போய் பி.டி.எஃப்.பைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆஃபீஸில் ‘எக்ஸ்போர்ட் ஆஸ் பி.டி.எஃப்.’ இருக்கிறது. அங்கே ஃபைலை எழுதுவது அந்த மென்பொருளே, அதன் கையில் அசல் எழுத்து வரிசை இருக்கிறது. ‘இங்கே தெரியும் வடிவங்களின் உண்மையான எழுத்துகள் இவை’ என்று பக்கத்தில் குறித்துவைக்க பி.டி.எஃப். இடம் கொடுக்கிறது. பிரிண்டரால் அதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அதற்கு அசல் தெரியாது. லிங்க், தலைப்புகள் எல்லாம் தங்குவதும் இதே காரணத்தால்தான். குரோமிலும் பிரிண்ட் பெட்டிக்குள் இரண்டு பெயர்கள் தெரியும்: ‘சேவ் ஆஸ் பி.டி.எஃப்.’, ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்.’. முதலாவது குரோமே எழுதுவது, லிங்க் வேலை செய்யும். இரண்டாவது விண்டோஸின் பிரிண்டர் வழியாகச் சுற்றி வருவது. எதில் செய்தாலும் முடிந்ததும் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பத்து நொடி வேலை.

அப்படியானால் மெய்நிகர் பிரிண்டரே தேவையில்லையா? தேவைதான். பெரியவருடைய ரசீது மாதிரி, பிரிண்ட் பொத்தானைத் தவிர வேறு வழியே விடாத பக்கங்களுக்கு அதுதான் கதி. நாற்பது பக்க வங்கி அறிக்கையில் மூன்று பக்கம் மட்டும் ஆடிட்டருக்குப் போதும் என்றால், அதைத் திறந்து பக்க எண் கொடுத்து பிரிண்ட் செய்தால் வேலை முடிந்தது. நிரப்பிய விண்ணப்பத்தில் கட்டங்களை யாரும் எளிதில் திருத்தக் கூடாது என்றாலும் இதே வழி, பிரிண்ட் ஆனதும் கட்டங்கள் மறைந்து எழுத்து மட்டும் தங்கும். கணக்கு மென்பொருளோ, கட்டட வரைபடம் போடும் பழைய கேட் மென்பொருளோ, பி.டி.எஃப். என்ற சொல்லே தெரியாத முப்பது வருடப் பழைய மென்பொருளுக்கும் பிரிண்ட் கொடுக்கத் தெரியும். அந்தப் பொதுமொழிதான் இதன் பலம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இதை நம்பவே கூடாது. ஆவணத்தில் தொலைபேசி எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ மறைக்க, அதன்மேல் கறுப்புக் கட்டம் வரைந்து பிரிண்ட் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையான காகிதத்தில் அது சரி, மை மேல் மை. மெய்நிகர் பிரிண்டரிலோ, ‘எண்ணை எழுது’ என்ற கட்டளையும் ‘அதன்மேல் கட்டம் போடு’ என்ற கட்டளையும் தனித்தனியாக ஃபைலில் போய் உட்காருகின்றன. கட்டத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் உள்ளே இருக்கும் எண் அப்படியே வரும். மறைக்க வேண்டியதை மூலத்திலேயே அழித்துவிட்டு அப்புறம் பிரிண்ட் கொடுங்கள்.

காகித அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விண்டோஸின் வட்டாரம் அமெரிக்கா என்று இருந்தால் பிரிண்டர் லெட்டர் அளவை எடுத்துக்கொள்ளும். நாம் பயன்படுத்தும் ஏ4 அதைவிட ஆறு மில்லிமீட்டர் குறுகலானது, பதினெட்டு மில்லிமீட்டர் நீளமானது. திரையில் வித்தியாசம் தெரியாது, பாரிமுனையில் தாக்கல் செய்யப் பிரிண்ட் எடுக்கும்போது ஓரம் வெட்டுப்படும். இன்னொன்று, ஸ்பூலர் நின்றுபோனால் மெய்நிகர் பிரிண்டரும் படுத்துவிடும். 2021-இல் ஸ்பூலரில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது அதை நிறுத்திவைத்த அலுவலகங்களில், பேப்பரே இல்லாத பிரிண்டர் ஏன் வேலை செய்யவில்லை என்று பலர் குழம்பினார்கள்.

பெரியவர் இருபது ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து நான் உட்கார்ந்தேன். அவருடைய ரசீது டெஸ்க்டாப்பிலேயே இருந்தது. பக்கத்தில் யாரோ ஒருவரின் பான் கார்டு, ஒரு பெண்ணின் பயோடேட்டா, இரண்டு ஆதார், எல்லாம் பூட்டுத் திறந்த பி.டி.எஃப்.கள். பையனிடம் காட்டினேன்.

“தினமும் நைட்டு அழிச்சிருவேன் சார்” என்றான்.

தேதியைப் பார்த்தேன். ஒரு ஆதார் இரண்டு மாதமாக அங்கேயே கிடந்தது. பெரியவருடைய ரசீதை ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலிட் செய்தேன். மற்றவற்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு, பையன் பக்கம் திரும்பினேன்.

“அழிச்சிருங்க சார்” என்றான், ஸ்டேப்ளரில் பின் மாட்டிக்கொண்டே.